சுந்தரத்தின் முழங்காலுக்கு ஒரு பதில்

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள சுந்தரம்,

கடிதம் கிடைத்தது. நீ அனுப்பிய எக்ஸ்ரேயைப் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது முழங்காலில் உட்பக்கம் இடைவெளி என்று ஒன்றுமே இல்லை. எலும்பின் மேல் எலும்பு உட்கார்ந்திருக்கிறது, ஓரத்தில் முள் மாதிரி ஒரு துருத்தல். வெளிப்பக்கம் தேவலை. இந்தக் காலை வைத்துக்கொண்டு நீ இன்னும் மொட்டைமாடித் தொட்டியை எட்டிப் பார்க்கப் படியேறுகிறாய் என்று தங்கச்சி வாட்ஸ்அப்பில் புலம்பியிருந்தாள். அவள் பக்கம்தான் நியாயம்.

மூட்டு மாற்று அறுவை வேண்டாம் என்று நீ பக்கம் பக்கமாக எழுதியதில் ஒரு வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. "இது ஏன் வந்தது என்று ஒரு டாக்டரும் சொல்லவில்லை, காரணம் தெரியாமல் கத்தி வைக்க விடமாட்டேன்." அப்புறம் நீயே பட்டியலும் போட்டிருக்கிறாய்: வங்கிக் கவுண்டரில் நின்றது, சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை விட்டது, பழைய ராஜ்தூத் பைக்கை உதைத்து உதைத்து ஸ்டார்ட் செய்தது. ராஜ்தூத் மேல் எனக்கும் கொஞ்சம் சந்தேகம் உண்டு, போகட்டும். ஆனால் காரணம் தெரிந்த பிறகுதான் வைத்தியம் என்று நீ பிடிவாதம் பிடித்தால், இந்த நாட்டில் ஒரு ஊரே இன்னும் தவழ்ந்துகொண்டிருக்கும். அந்த ஊரைப் பற்றி உனக்கு எழுதியதில்லை.

டர்பனிலிருந்து கடலோரமாக வடக்கே, மொசாம்பிக் எல்லைப் பக்கம் போனால் எம்செலெனி. சிபாயா ஏரிக்குப் பக்கத்தில், வெறும் மணல் பூமி. கார் சக்கரம் புதையும் மணல், நடுவில் ஈலாலாப் பனை, வழியெல்லாம் யூகலிப்டஸ் தோப்பு. அங்கே ஒரு மூட்டு நோய் இருக்கிறது. சிறுவயதிலேயே மூட்டு வலி தொடங்கும், நடுத்தர வயதுக்குள் இடுப்பு போய்விடும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். 1970ல் லான்செட் மருத்துவப் பத்திரிகையில் இதைப் பற்றி முதலில் எழுதினார்கள், அன்றிலிருந்து 'எம்செலெனி மூட்டு நோய்' என்றே பெயர்.

இடுப்பு மூட்டு எப்படி இருக்கும் என்று தெரியுமில்லையா? நம் வீட்டு ஆட்டுக்கல்லை நினைத்துக்கொள். தொடை எலும்பின் தலை குழவி, இடுப்பு எலும்பில் உள்ள கிண்ணம் குழி. அரைத்து அரைத்து வருஷக்கணக்கில் குழி ஆழமாகுமே, அந்த மாதிரி அங்கே பல பெண்களுக்குக் கிண்ணம் உள்நோக்கி இறங்கிவிடும். எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் தலை இடுப்புக் கூட்டுக்குள்ளேயே முட்டிக்கொண்டு நிற்பது தெரியும். இன்னொரு வகையில் எலும்பின் வளரும் நுனிகளே சரியாக உருவாகாமல், ஆள் குள்ளமாகி, பல மூட்டுகள் கெட்டுப்போகும்.

ஓய்வு பெறுவதற்கு முன் ஒரு குழுவோடு அங்கே போயிருந்தேன். வராந்தாவில் ஒரு அம்மாள் காத்திருந்தார், ஐம்பது வயது இருக்கும். இரண்டு கையிலும் இரண்டு கம்பு, கடையில் வாங்கியவை இல்லை, காட்டில் வெட்டியவை. கை பிடிக்கும் இடம் மட்டும் வழவழவென்று பளபளத்தது. இடுப்பு மடங்காததால் நாற்காலியில் உட்காராமல், விளிம்பில் சாய்ந்து, கால்களை நேராக நீட்டி வைத்திருந்தார். எழுந்தபோது தொடைகளைப் பிரித்து நகர்த்த முடியாமல், உடம்பு முழுவதையும் பக்கவாட்டில் ஆட்டி ஆட்டித்தான் கதவு வரை போனார். அறுவை சிகிச்சை பற்றி அவர் ஒரு கேள்விதான் கேட்டார், செவிலியர் மொழிபெயர்த்துச் சொன்னார்: "பாயில் உட்காரலாமா?" அங்குள்ள சூலு இனத்தார் வீடுகளில் பெண்கள் தரையில் பாய் விரித்து உட்காருவதுதான் மரியாதை. புது இடுப்போடு முதல் சில மாதம் தாழ உட்கார்ந்து குனிந்தால் பந்து கிண்ணத்திலிருந்து கழன்றுவிடும் என்று சொல்லப் போனேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, சொல்லும் முறையை மாற்ற வேண்டியதாயிற்று. உயரமான ஸ்டூலில் உட்கார்ந்தாலும் மரியாதைக் குறைவில்லை என்று வீட்டுக்காரர்களுக்கு யார் எடுத்துச் சொல்வது என்பதுதான் அன்றைக்கு நாங்கள் அதிகம் பேசிய விஷயம்.

காரணம்? மணலில் மாங்கனீசு குறைவு என்றார்கள் ஒரு சாரார். பரம்பரை என்றார்கள் இன்னொரு சாரார், மரபணுவைத் தேடினார்கள். 1981ல் எடுத்த கணக்கில் நோய் முன்பைவிடக் குறைந்திருந்தது, ஆனால் நினைத்ததைவிட அகலமான பகுதியில் இருந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இதுதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல ஆளில்லை. அதற்காக யாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. மிஷன் ஆஸ்பத்திரியாகத் தொடங்கிய அந்தச் சின்ன இடத்திலேயே இடுப்பு மூட்டு மாற்று செய்தார்கள். கம்புகளைப் போட்டுவிட்டு நடந்தவர்கள் இருக்கிறார்கள்.

இதை உனக்கு எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நீ கர்நாடகத்துச் சாகரில் வங்கி வேலையில் இருந்தபோது, பக்கத்துக் கிராமத்தார் கடன் வாங்க வருவதைப் பற்றி ஒரு கடிதத்தில் எழுதியிருந்தாய்: "குடும்பத்தோடு வருகிறார்கள், எல்லோரும் ஒரே மாதிரி சாய்ந்து சாய்ந்து நடக்கிறார்கள்." அது ஹண்டிகோடு நோய். சிவமொக்கா மாவட்டத்தில் 1975 வாக்கில் வெளியே தெரிய வந்தது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் வந்து பார்த்தார்கள். நிலமில்லாத கூலிக் குடும்பங்கள், வயல் நண்டு பிடித்துச் சாப்பிடுபவர்கள். அதனால் முதலில் பூச்சி மருந்து மேல் பழி விழுந்தது. பிறகு எக்ஸ்ரேக்களையும் குடும்ப மரங்களையும் வைத்துப் பார்த்தவர்கள் பரம்பரையாக வருவது என்றார்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர வாய்ப்பு உண்டு. நீ கவுண்டருக்கு அந்தப் பக்கம் பார்த்தது எம்செலெனிக்கு ஒன்றுவிட்ட சொந்தம்.

சீனாவில் வடகிழக்கிலிருந்து திபெத் வரை இன்னொன்று, காஷின்-பெக் நோய். அங்கே செலினியம் குறைந்த மண், பூஞ்சை பிடித்த தானியம் இரண்டின் மேலும் சந்தேகம். செலினியம் கொடுத்தார்கள், சாப்பாடும் மாறியது, புதிதாக நோய் வரும் குழந்தைகள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள். இதில் எதற்கு எவ்வளவு பங்கு என்பது இன்னும் தீராத வழக்கு.

சரி, காரணம் தெரியாவிட்டால் பரவாயில்லை என்பதால் எதை வேண்டுமானாலும் செய்யலாமா என்று நீ கேட்பாய். வங்கிக்காரன் மூளை அப்படித்தான் போகும். கூடாது. நோய் ஏன் வந்தது என்பது தெரியாமல் இருக்கலாம், வைத்தியம் வேலை செய்கிறதா என்பது தெரிந்தாக வேண்டும். இந்த இரண்டாவதை எப்படிக் கற்றுக்கொண்டார்கள் என்பதற்கு ஒரு கதை.

இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற எலும்பு மருத்துவர். இன்றைக்கு உலகம் முழுக்கச் செய்யும் இடுப்பு மூட்டு மாற்றுக்கு வழி வகுத்தவர். ஆரம்பத்தில் கிண்ணத்துக்கு டெஃப்லானைப் போட்டார். ஆமாம், நம் தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அதே சரக்கு. வழுக்கும் பொருள், நன்றாகத்தான் தோன்றியது. சுமார் 300 பேருக்கு வைத்தார். இரண்டு மூன்று வருஷத்தில் தேய்ந்து பொடியாகி, பொடி பட்ட இடமெல்லாம் புண்ணாகிக் கட்டி எழும்பி, எல்லாம் தோல்வி. அந்தப் பொடி சதையில் என்ன செய்கிறது என்று தன் தொடைக்குள்ளேயே செலுத்திப் பார்த்த மனிதர்.

பிறகு ஒரு விற்பனையாளர் புது பிளாஸ்டிக் ஒன்றைக் கொண்டுவந்தார், அடர்த்தியான பாலிதீன். சார்ன்லி அதில் கட்டை விரல் நகத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, இதெல்லாம் நேர விரயம் என்று சொல்லிவிட்டு வெளியூர் போய்விட்டார். அவருடைய பட்டறையில் இருந்த ஹாரி கிரேவன் என்ற டெக்னீஷியன் கேட்கவில்லை. தேய்மானம் அளக்கும் இயந்திரத்தில் மாட்டி இரவு பகலாக ஓட விட்டார். டெஃப்லான் ஒரே நாளில் தேய்ந்த அளவுகூட இது மூன்று வாரத்தில் தேயவில்லை. 1962 நவம்பரில் அதைப் போட ஆரம்பித்தார்கள். இன்றைக்கு உன் முழங்காலில் வைக்கப்போகும் தட்டும் அந்தப் பிளாஸ்டிக்கின் வாரிசுதான். பேராசிரியர்கள் பெயர் எல்லோருக்கும் தெரிகிறது, கிரேவன் பெயர் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்கு ஒரு ஆதங்கம். டெக்னீஷியன் ஜாதி நாங்கள் எல்லோரும் அப்படித்தான்.

இப்போது உன் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன இரண்டு யோசனைகள். முதலாவது, முழங்காலில் துளை போட்டுக் கழுவிச் சுத்தம் செய்வது. 2002ல் அமெரிக்காவில் ஹூஸ்டனில் 180 பேரை வைத்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியினருக்கு நிஜமாகச் செய்தார்கள், ஒரு பகுதியினருக்குத் தோலில் மட்டும் கீறித் தையல் போட்டு, செய்த மாதிரி நடித்தார்கள். இரண்டு வருஷம் கழித்தும் வலியில் வித்தியாசமில்லை. தேய்மானத்துக்கு அது உதவாது, பணத்தை மிச்சம் பிடி. இரண்டாவது, உன் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றித் திரும்ப முட்டியில் போடும் பிஆர்பி ஊசி. 2021ல் ஆஸ்திரேலியாவில் 288 பேருக்கு, பாதிப் பேருக்கு அந்த ஊசியும் மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீரும் போட்டார்கள். ஒரு வருஷம் கழித்து வலியில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அவர்கள் பார்த்தது உன் அளவுக்குத் தேயாத முழங்கால்களை. அதிலேயே இந்த லட்சணம் என்றால் உன் காலுக்கு யோசித்துக்கொள். முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடிக்கிறாய் என்றாயே, மிளகு தூக்கலாகப் போட்டுக் குடி, ருசி நன்றாயிருக்கும். ஜவ்வு முளைக்காது.

"பத்து வருஷம்தான் தாங்குமாம்" என்று யாரோ உன்னைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். 2019ல் லான்செட்டில் வந்த ஆய்வுப்படி மாற்று முழங்கால்களில் சுமார் 82 சதவீதம் 25 வருஷம் வரை நிற்கின்றன. நம் வயசுக்கு அது போதும், கணக்கு நீயே போட்டுக்கொள்.

இங்கே செய்தி என்று பார்த்தால், எங்கள் தெருவில் ஒரு ஆயா. நம்மூரில் பாட்டி என்பதை இங்கே ஆயா என்பார்கள். இடுப்பு மாற்று வரிசையில் பேர் கொடுத்து வருஷங்கள் ஆகிவிட்டன, ஒவ்வொரு முறையும் தேதி தள்ளிப்போகிறது. தமிழும் இங்கிலீஷும் சூலுவும் கலந்து அவர் திட்டுவதைக் கேட்க வேண்டும். வரிசையில் முன்பெல்லாம் வயசானவர்கள்தான் நிற்பார்கள். இப்போது எச்ஐவி உள்ள முப்பது, நாற்பது வயசுக்காரர்களும் நிற்கிறார்கள். தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் நின்று அது இடிந்து போய்விடுகிறது. சண்டையில் துப்பாக்கிக் குண்டு பட்டு எலும்பு சிதறி வருபவர்களுக்கு முதலிடம் கொடுக்க வேண்டியிருப்பதால் ஆயாவின் முறை பின்னால் போகிறது. தனியாரில் உடனே செய்யலாம், அதற்குப் பணம் வேண்டும். நீ ஓய்வூதியக்காரன், காப்பீடும் வைத்திருக்கிறாய், சீக்கிரமே தேதி கிடைக்கும்போது வேண்டாம் என்கிறாய். இதை ஆயாவிடம் சொன்னால் உன்னையும் மூன்று மொழியில் திட்டுவார்.

நல்ல செய்தியும் ஒன்று. முழங்கால் மாற்றி ஆறு மாதமே ஆன ஒருவர் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். (அந்தக் காலில்தான் நிற்கக் கூடாது என்றேன்.) கடைசியில் பெரிய காவடி மகனுக்கு, பால்குடம் இவருக்கு என்று சமாதானம் ஆனது. தார் ரோட்டில் வெறுங்காலோடு கோயில் வரை நடந்தார், மறுநாள் கொஞ்சம் வீக்கம், ஐஸ் வைத்தோம், போய்விட்டது.

அறுவை சிகிச்சை நாள் குறிப்பதற்கு முன் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கட்டிலில் காலை நீட்டி உட்கார், முழங்காலுக்குக் கீழே துண்டைச் சுருட்டி வை, அதைத் தொடைத் தசையால் கீழே அழுத்தி ஐந்து எண்ணு, விடு. பத்து தரம், காலை மாலை. தொடைத் தசை பலமாக இருந்தால் பிறகு எழுந்து நடப்பது சுலபம். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவா, சர்க்கரை ஏறிக் கிடந்தால் கத்தி வைத்த இடத்தில் சீழ் பிடிக்கும். ஆடும் பல் இருந்தால் இப்போதே பார்த்துவிடு. வீட்டில் கீழே உட்காரும் கழிப்பறையை மேல்நாட்டுக் கழிப்பறையாக மாற்றச் சொல், சுவரில் பிடிக்க ஒரு கம்பியும். சம்மணம் போட்டுச் சாப்பிடுவது இனிமேல் கிடையாது, மேஜைதான்.

சாகரில் உன்னோடு வேலை பார்த்த கன்னடக்கார நண்பர் இன்னும் அங்கேதான் இருக்கிறார் என்றாயே, அவரிடம் ஒன்று கேட்டு எழுது. அந்தக் கிராமங்களில் இப்போது பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளிடம் அந்தச் சாய்ந்த நடை தெரிகிறதா? இங்கே எனக்குத் தெரிந்த ஒருவர் எம்செலெனிப் பக்கம் அடிக்கடி போகிறார், அவரிடமும் இதையே கேட்டிருக்கிறேன். இரண்டு பதிலும் வந்தால் வைத்துப் பார்க்க ஆசை.

தங்கச்சிக்கு என் அன்பு. இடது முழங்கால் படத்தையும் அனுப்பு, நின்றுகொண்டு எடுத்ததாக இருக்கட்டும். படுத்து எடுத்தால் இடைவெளி பெரிதாகத் தெரிந்து ஏமாற்றும்.

உன்,
முத்துக்குமார்