குற்றும் கொம்பும் தெரியாமல் கிராபிக் டிசைனா?

ஆசிரியர் அவர்களுக்கு,

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை உள்ள மாதங்களில் கிராபிக் டிசைன் வகுப்புகளுக்குப் பிள்ளைகள் நிறையச் சேருகிறார்கள். நல்ல விடயம். அச்சகங்களுக்கு ஆள் தேவை, பிள்ளைகளுக்குக் கைத்தொழில் தேவை. ஆனால் அந்த வகுப்புகளின் விளம்பரத் துண்டுகளை எடுத்து வாசித்தால் போட்டோஷொப், இலஸ்ட்ரேட்டர், கோரல் டிரோ என்று மென்பொருள்களின் பெயர்தான் பாடத்திட்டமாக இருக்கிறது. மூன்று மாதம் படித்து வெளியே வரும் பிள்ளைக்கு முகத்துப் பருவை அழிக்கத் தெரிகிறது, படத்தின் பின்புறத்தை வெட்டி நீக்கத் தெரிகிறது, எழுத்துக்குப் பொன்னிறம் பூசத் தெரிகிறது. 24 பக்கத்தில் ஓர் அந்தியேட்டிக் கல்வெட்டை (இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறு புத்தகத்தை) செய்து தா என்றால் கை அப்படியே நின்றுவிடுகிறது. தொடக்க வகுப்பில் எதைக் கற்பிக்கவேண்டும் என்பது பற்றி, இந்தத் தொழிலில் நாளாந்தம் இருப்பவர்களாக எழுதுகிறோம்.

முதல் மாதம் தமிழ் எழுத்துக்கே போகவேண்டும். இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை. வகுப்புகளில் பயன்படும் பாடக்குறிப்புகளும் இணையக் காணொளிகளும் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை வைத்தே செய்யப்பட்டவை. அவற்றிலுள்ள அளவுகளை அப்படியே தமிழுக்கு எடுத்தால் வேலை கெடும். வரி இடைவெளியைப் பாருங்கள். மென்பொருள் தானாகக் கொடுக்கும் இடைவெளி எழுத்தளவின் 120 வீதம். 11 புள்ளி (அச்சில் எழுத்தை அளக்கும் அலகு) எழுத்துக்கு 13.2 புள்ளி. ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழிலோ கூ, மூ, தூ, று எல்லாம் கீழே இறங்கும், கீ, பீ, வீ மேலே ஏறும். மேல்வரியில் 'மூலவருக்கும்' என்றும் நேர்கீழே 'பக்தர்கள்' என்றும் வந்தால், மேலேயுள்ள 'மூ'வின் வால் கீழேயுள்ள 'க்'கின் குற்றில் போய் இடிக்கும். குற்று மறைந்தால் 'பக்தர்கள்' 'பகதர்கள்' ஆகிவிடும். எழுத்துப்பிழை இல்லாமலே பிழையாக வாசிக்க வைக்கும் அச்சு அது. 11 புள்ளித் தமிழுக்கு 15 முதல் 16.5 புள்ளிவரை இடைவெளி விடவேண்டும். எழுத்துருவுக்கு எழுத்துரு சற்று மாறும், ஆகவே மாணவர் அச்செடுத்துப் பார்த்தே முடிவு செய்யப் பழகவேண்டும்.

அடுத்தது எழுத்துகளை விலக்கி வைப்பது. ஆங்கிலத் தலைப்பில் எழுத்துக்கு எழுத்து இடம் விட்டால் கம்பீரமாக இருக்கும் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். அதையே 'கொடியேற்றம்' என்ற சொல்லுக்குப் பாமினி எழுத்துருவில் செய்து பாருங்கள். கொம்பு ஓர் ஓரம், 'க' நடுவில், அரவு மறு ஓரம். கண் அவற்றை ஓரெழுத்தாகச் சேர்க்காது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமும் இல்லை. எனவே எது தலைப்பு, எது துணைத்தலைப்பு, எது விபரம் என்பதை எழுத்தின் அளவு, தடிப்பு, சுற்றியுள்ள வெற்றிடம் ஆகிய மூன்றையும் கொண்டே காட்டவேண்டும். தடிப்பு வேண்டுமென்றால் தடித்த வடிவமுள்ள எழுத்துருவையே எடுக்கவேண்டும். மெல்லிய எழுத்தைச் சுற்றிக் கோடு போட்டுத் தடிப்பாக்கினால் முதலில் அடைபடுவது 'ண'வின் சுழிகள், பிறகு 'இ', 'ஜ', 'ஞ'. நகரத்தில் தொங்கும் பதாகைகளில் பாதி இந்த நோயால்தான் வாசிக்க முடியாமல் கிடக்கின்றன.

இதற்கான பயிற்சி மலிவானது. கட்டக் கொப்பியில் அ, ண, ழ, கொ, தூ ஐந்தையும் ஓர் அங்குல உயரத்தில் பென்சிலால் வரைய வேண்டும், வெளிக்கோடு மட்டும். அடுத்த கிழமை அதே ஐந்தையும் தடிப்பாக வரைய வேண்டும். 'ண'வின் சுழிகளுக்குள் எவ்வளவு வெள்ளை மிஞ்சவேண்டும் என்பதை அப்போது கையே சொல்லிக் கொடுக்கும். பழைய எழுத்து வடிவங்களையும் கட்டாயம் காட்டவேண்டும். 1978இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற சீர்திருத்தத்துக்கு முன் ணா, றா, னா மூன்றும், ணை, லை, ளை, னை நான்கும் வேறு வடிவில் இருந்தன. வீட்டு அலுமாரியில் இருக்கும் பழைய புத்தகத்தைத் திறந்தால் பிள்ளை திகைக்கக் கூடாது. 1841இல் உதயதாரகை வெளிவந்த மண், வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் அச்சுக்கூடம் நடத்திய மண் இது. இங்கே வடிவமைப்புப் படிக்கும் பிள்ளை அந்தப் பக்கங்களில் ஒன்றையாவது உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்திருக்க வேண்டும்.

கணினிக்கு வந்தால் முதற்பாடம் பாமினியும், எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக்குறி முறையான யுனிகோட்டும். எங்கள் அச்சகங்களில் பாமினி இன்னும் ஓடுகிறது, பழைய கோப்புகளும் அதில்தான் கிடக்கின்றன. பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தைப் போட்டு வைத்த எழுத்துரு. 'தமிழ்' என்று திரையில் தெரிவது உள்ளே ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அவைதான் வரும். காற்புள்ளி விசையில் அங்கே 'இ' இருக்கிறது. அதனால் ஆங்கில எழுத்துருவில் தட்டிய காற்புள்ளி கலந்த பந்தியை, பாமினியை யுனிகோட்டாக்கும் மாற்றியில் போட்டால், காற்புள்ளி இருக்கவேண்டிய இடமெல்லாம் 'இ' வந்து நிற்கும். 'மனைவிஇ மக்கள்இ மருமக்கள்' என்று அச்சாகி வந்த துயர்பகிர்வுகளைக் காணாதவர் இல்லை. மின்னஞ்சல் முகவரியை மாற்றியில் போட்டால் அதுவும் புரியாத தமிழாகிவிடும். மாற்றிய பிறகு முழுவதையும் ஒருமுறை வாசிப்பது வேலையின் பகுதி என்று முதல் நாளே மனதில் பதிய வைக்கவேண்டும்.

யுனிகோட்டிலும் ஒரு பொறி உண்டு. சில வருடங்களுக்கு முந்திய போட்டோஷொப்பில் 'கொ' தட்டும்போது கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் நின்றால் எழுத்துருவில் பழுதில்லை. தெரிவுகளில் 'டைப்' பகுதிக்குப் போய் 'வேர்ல்ட் ரெடி' என்பதை (இன்னும் பழைய பதிப்புகளில் 'மிடில் ஈஸ்டன் அண்ட் சவுத் ஏசியன்' என்பதை) எடுத்து, மென்பொருளை மூடித் திறந்து, புதிய கோப்பில் தட்டவேண்டும். பக்கம் கட்டும் மென்பொருளான இன்டிசைனில் பந்திக்கு 'வேர்ல்ட் ரெடி பரகிராப் கொம்போசர்' கொடுக்கவேண்டும். இந்த ஒரு தெரிவு தெரியாததால் யுனிகோட்டே சரிவராது என்று கைவிட்டவர்கள் பலர். நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிப் தமிழ், முக்தா மலர், மீரா இனிமை, ஹிந்த் மதுரை முதலிய நல்ல எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. களவாக இறக்கிய எழுத்துருவோடு தொழில் தொடங்கத் தேவையில்லை.

இனிப் படங்கள். வாடிக்கையாளர் வட்ஸ்அப்பில் அனுப்பும் படம் வழமையாகச் சுருங்கி, நீண்ட பக்கம் சுமார் 1600 பிக்சலாக வந்து சேரும். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்றால் அது 5.3 அங்குலத்துக்கு மட்டும் காணும். ஏ5 பக்கம் முழுவதையும் நிரப்ப 1748க்கு 2480 பிக்சல் வேண்டும். படத்தை 'டொகியுமென்ட்' ஆக அனுப்பச் சொன்னால் சுருங்காமல் வரும், ஒரு வசனத்தில் தீரும் பிரச்சினை. இறந்தவரின் படம் அடையாள அட்டைக்கு எடுத்த ஓர் அங்குலப் படமாகவே இருந்தால், அதை நான்கு அங்குலமாக்க 1200 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கான் செய்யவேண்டும். நான்கு மடங்கு பெருப்பம் என்றால் 300இன் நான்கு மடங்கு. பெருக்கல் கணக்குத்தான், ஆனால் இதைச் செய்து பார்க்காமலே 'கிளியர் இல்லை' என்று சொல்கிறார்கள்.

நிறத்தில் அதிகம் கெடுவது கறுப்பு. திரைக்குரிய ஆர்.ஜி.பி. கறுப்பை அச்சுக்குரிய சி.எம்.வை.கே.க்கு மாற்றினால், வழமையான அமைப்பில் அது சயான் 75, மஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று நான்கு மையாகப் பிரியும். கூட்டினால் 300 வீதம். 9 புள்ளி எழுத்தை நான்கு பிளேட்டில் (மைக்கு ஓர் அச்சுத் தகடு) அடிக்கும்போது ஒரு பிளேட் மயிரிழை விலகினாலும் எழுத்தோரத்தில் சிவப்பு நிழல் விழும், குற்றுகள் இரண்டாகத் தெரியும். மை காயாமல் மேல்தாளின் முதுகில் ஒட்டும். தலைப்பல்லாத உரை எழுத்துக்குக் கறுப்பு 100, மற்ற மூன்றும் பூச்சியம். கருநிறப் பின்னணியில் வெள்ளை எழுத்து விடுவதென்றால் ஒரு தடிப்புக் கூட்டி எடுக்கவேண்டும், ஏனென்றால் மை நான்கு பக்கமும் உள்ளே கசியும்.

பதாகைக்கு இந்த 300 கணக்கு பொருந்தாது. 10 அடிக்கு 8 அடி பிளெக்ஸை 300இல் திறந்தால் 36,000 பிக்சல் அகலம் வரும். போட்டோஷொப்பின் சாதாரண கோப்பு 30,000க்கு மேல் சேமிக்காது, கணினியும் இறுகிப்போகும். 72 போதும். பதாகை வாசிக்கப்படுமா என்பதை அறிய ஒரு வழி இருக்கிறது. அதை 10 அங்குல அகலத்தில் ஏ4 தாளில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, நான்கு அடிக்குச் சற்று அதிகம் பின்னால் போய் நில்லுங்கள். 50 அடிக்கு அப்பால் வீதியில் நிற்பவர் காணும் அளவு அதுதான். அங்கிருந்து வாசிக்க முடியாத வரியை எடுத்துவிட வேண்டும், அல்லது பெருப்பிக்க வேண்டும். வாழ்த்துத் தெரிவிப்பவர்களின் இருபது முகங்களும் அங்கே கடுகளவாகத் தெரியும்போது எதைக் குறைக்கவேண்டும் என்று வாடிக்கையாளருக்கே விளங்கும்.

எல்லாவற்றையும் ஒன்றாகப் பழக்கும் பாடமாக நாங்கள் முன்மொழிவது அந்தியேட்டிக் கல்வெட்டு. முப்பத்தோராம் நாளில் கொடுபடும் அந்தச் சிறு புத்தகம் எங்கள் ஊரின் தனித்த அச்சு வடிவம். வாழ்க்கைக் குறிப்பு, திருமுறை, புலம்பல், வம்சாவளி, நன்றியுரை என்று உரைநடை, பாட்டு, அட்டவணை, படம் நான்கும் அதில் உண்டு. நடுவில் கம்பி குத்தும் புத்தகம் என்பதால் பக்கங்கள் நான்கின் மடங்காக வரவேண்டும். 26 பக்கத்துக்கு உரை சேர்ந்தால் 28 ஆக்கவேண்டும், அல்லது 24க்குள் அடக்கவேண்டும். ஆறு ஏ4 தாளை நடுவில் மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகி, பென்சிலால் 1 முதல் 24 வரை இலக்கமிட்டுப் பிரித்துப் பார்த்தால், 24க்குப் பக்கத்தில் 1, 2க்குப் பக்கத்தில் 23 இருப்பது தெரியும். எந்த இரண்டைக் கூட்டினாலும் 25. இதைக் கையால் ஒருமுறை செய்த பிள்ளை பக்க ஒழுங்கில் பிறகு தடுமாறாது. வெட்டுக்கு நாலு புறமும் 3 மில்லிமீற்றர் கூடுதலாக விட்டால் ஏ5 பக்கம் 154க்கு 216 ஆகும். எழுத்தும் பக்க இலக்கமும் வெட்டுக்கோட்டிலிருந்து 8, 10 மில்லிமீற்றராவது உள்ளே இருக்கட்டும். நடுத்தாள்கள் மடிப்பில் வெளியே தள்ளும், வெட்டும்போது அவற்றில்தான் அதிகம் போகும்.

இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பாவில் வடிவமைப்பாளரின் தமிழ் தெரிந்துவிடும். நேரிசை வெண்பாவின் இரண்டாம் அடி முடிவில் ஒரு சிறு கோட்டுக்குப் பின் தனிச்சொல் நிற்கவேண்டும், நாலாம் அடி மூன்று சீரோடு குறுகி முடியவேண்டும். பூவேலைச் சட்டத்தின் அகலம் போதாமல் தனிச்சொல் அடுத்த வரிக்கு விழுந்தால் பாட்டு ஐந்தடியாகிவிடும். அப்போது சட்டத்தைத்தான் மாற்றவேண்டும். நாலடித் தேவாரத்தை இரண்டு பக்கத்துக்குப் பிரிக்கக்கூடாது. உரைநடையில் சொல் உடைந்து அடுத்த வரிக்குப் போனால், அந்த வரி குற்று வைத்த மெய்யெழுத்தில் தொடங்கக்கூடாது. எழுத்தைக் கேர்வாக (தட்டித் திருத்த முடியாத வரைகோட்டு உருவாக) மாற்றி அச்சுக்கு அனுப்புமுன் மாற்றாத பிரதியொன்றைப் பத்திரப்படுத்த வேண்டும், பெயரில் ஒரு பிழையென்று கடைசி நேரத்தில் வீட்டார் வருவது நிச்சயம். பெயர், திகதி, ஊர் மூன்றையும் கடதாசியில் அச்செடுத்து, ஒருவர் எழுத்துக்கூட்டி வாசிக்க மற்றவர் மூலத்தோடு ஒப்பிடவேண்டும். திரையில் பார்த்துச் 'சரி' சொல்லும் பழக்கம் மிகக் கெட்டது.

மும்மொழிப் பெயர்ப்பலகைக்கும் ஒரு கிழமை ஒதுக்கவேண்டும். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றுக்கும் ஒரே புள்ளி அளவைக் கொடுத்தால் மூன்றும் ஒரே அளவாகத் தெரியாது. தமிழ்ச் சொல் நீளமாக ஓடுவதால் அதைப் பக்கவாட்டில் நெரித்து ஒடுக்குகிறார்கள், நிலைக்கோடுகள் மெலிந்து தமிழ் மட்டும் நோயாளி போல நிற்கும். ஒடுக்குவதற்குப் பதிலாக இரண்டு வரியாக்கலாம், எழுத்தளவைக் குறைக்கலாம், பலகையையே அகலமாகக் கேட்கலாம்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். பத்திரிகைத் தாளில் மை ஊறிப் படம் கறுப்பது ஏன், புள்ளிகள் எப்படிப் படமாகின்றன, நான்கு பிளேட்டும் எப்படி ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகின்றன என்பவற்றை விளக்கப் பத்திரிகை அச்சுக்கூடத்தைவிடச் சிறந்த வகுப்பறை இல்லை. தவணைக்கு ஒரு பிற்பகல், பத்துப் பத்து மாணவராக, உங்கள் பக்கம் கட்டும் மேசையிலிருந்து முதற்பிரதி விழும்வரை பார்க்க அனுமதி தரவேண்டும். ஆளுக்கொரு உருப்பெருக்கிக் கண்ணாடியை நாங்கள் கொடுத்து அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
அச்சு, வடிவமைப்புத் தொழில் செய்வோர் சிலர்,
யாழ்ப்பாணம்.