டைனோசர் பிஸ்கட்டின் வால் ஏன் முறிகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுவர் பகுதியில் வந்த டைனோசர் பிஸ்கட் செய்முறையில் ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர் சேர்க்கச் சொல்லியிருந்தது. அதை நீக்கிவிடுங்கள். பேக்கிங் பவுடர் சேர்ந்தால் மாவு உப்பி அகலும். டிரைசெராடாப்ஸின் மூன்று கொம்பும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆசையாக அச்சு வெட்டிய பிள்ளையின் முகம் வாடிவிடும்.

மைதா 250 கிராம், வெண்ணெய் 125 கிராம், பொடித்த சர்க்கரை 100 கிராம், முட்டை ஒன்று, உப்பு ஒரு சிட்டிகை. முட்டை வேண்டாமென்றால் பாலை 2 மேசைக்கரண்டி வரை, மாவு சேரும் பதம் பார்த்து விடலாம். வெண்ணெயும் சர்க்கரையும் கலந்தால் போதும். நுரைக்க அடித்தால் காற்று புகுந்து அதுவும் உப்ப வைக்கும். மாவு திரண்டதும் கையை எடுத்துவிட வேண்டும். பிள்ளைகள் இங்கேதான் விடமாட்டார்கள். பிசையப் பிசைய மாவு இழுவை கண்டு, ஓவனில் சுருங்கி, பிஸ்கட் கடினமாகும்.

அந்தச் செய்முறையில் விடுபட்ட முக்கியமான வேலை, குளிர வைப்பது. பிள்ளைகளின் கைச்சூட்டிலேயே வெண்ணெய் இளகிவிடும். இளகிய மாவை ஓவனில் வைத்தால், மாவு இறுகும் முன்பே வெண்ணெய் உருகி உருவம் கலையும். எனவே மாவை இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவே 6 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். பிறகு மேல்தாளை எடுத்துவிட்டு அச்சை அழுத்துங்கள். வெட்டிய உருவத்தைத் தூக்கவே கூடாது. சுற்றியுள்ள மாவை மட்டும் உரித்தெடுத்து, தாளோடு தட்டில் வைக்க வேண்டும். கழுத்தும் வாலும் பெரும்பாலும் தூக்கும்போதுதான் முறிகின்றன. தட்டோடு இன்னும் 15 நிமிடம் குளிர்ந்தால் விளிம்பு கூர்மையாக நிற்கும்.

இந்தக் காத்திருப்பு நேரம் பேச நல்ல நேரம். ஸ்டெகோசாரஸ் வாழ்ந்தது ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. டி-ரெக்ஸ் மறைந்தது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை! டி-ரெக்ஸின் கையில் இரண்டே விரல்கள். ஸ்டெகோசாரஸின் முதுகுத் தகடுகளுக்குச் சீவிய பாதாமைச் சுடுவதற்கு முன்பே செருகிவிடலாம். வால் நுனியில் நான்கு முட்கள் வேண்டும். டெரனோடான் பறக்கும் ஊர்வன, டைனோசர் அல்ல. அச்சுப் பெட்டியில் அதுவும் கிடக்கும் என்பதால் சொல்லிவைப்பது நல்லது.

பச்சை மாவைச் சுவைக்க விடாதீர்கள். முட்டையில் மட்டுமல்ல, சுடாத மைதாவிலும் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும். பொம்மையின் காலை அழுத்திப் புதைபடிவத் தடம் பதிப்பதானால், பொம்மையைச் சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட வேண்டும்.

முன்பே சூடாக்கிய ஓவனில் 175 டிகிரி செல்சியஸில் 10 முதல் 12 நிமிடம். சிறியவற்றையும் பெரியவற்றையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள், சிறியவை கருகிவிடும். நீண்ட வால் முதலில் சிவந்தால் அதன்மேல் மட்டும் ஒரு துண்டு அலுமினியத் தாளை மூடலாம். விளிம்பு லேசாகப் பொன்னிறமானதும் எடுத்துவிடுங்கள். நடுப்பகுதி மெத்தென்றிருந்தாலும் ஆற ஆற இறுகும். 5 நிமிடம் தட்டிலேயே விட்ட பிறகுதான் பிள்ளைகள் தொட வேண்டும். ஐசிங் பூசுவது முழுக்க ஆறிய பின்பு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்