ஏற்காட்டில் சீழ்க்கையடித்தது ஆள் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வெளியான சேர்வராயன் மலை நடைப்பயணக் கட்டுரையில், கிளியூர் அருவிக்கு மேலேயுள்ள ஓடைக்கரையில் விடியலுக்கு முன் யாரோ சீழ்க்கையடித்ததாகவும், டார்ச் அடித்துத் தேடியும் ஆள் தென்படவில்லை என்றும், அது என்னவென்று கடைசிவரை விளங்கவில்லை என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். ஆறு ஆண்டுகளுக்கு முன் அதே மலையில் அப்படியொரு சீழ்க்கையைக் கேட்டுத் திகைத்தவன் நான். அவர் கேட்டது சீகாரப் பூங்குருவியின் பாட்டு என்பதே என் கணிப்பு.

நாங்கள் ஐந்து பேர் முதுகுப்பையும் மழைக்கோட்டுமாக ஜூலையில் நடந்துபோய், ஒரு காப்பித் தோட்டத்துக் கொட்டகையில் இரவு தங்கினோம். மழை விட்டு, சில்வர் ஓக் இலைகளிலிருந்து தகரக்கூரைமீது நீர் சொட்டிக்கொண்டிருந்த இருட்டில் ஓடைப் பக்கமிருந்து அது எழுந்தது. எப்போதோ கேட்ட மெட்டை நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கும் பள்ளிக்கூடத்துப் பையனைப் போல ஏறியது, இறங்கியது, பாதியில் விட்டது, பிறகு வேறெங்கிருந்தோ தொடங்கியது. எங்களில் ஒருவர் மோகினி என்றே முடிவுகட்டிவிட்டார். அவர் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வெளுத்த பிறகு ஓடை நடுவே ஒரு பாறைமேல் பறவையைக் கண்டோம். மைனாவைவிடச் சற்றே பெரியது. முதலில் வெறும் கறுப்பாகத்தான் தெரிந்தது. அது திரும்பியதும் நெற்றியிலும் தோளிலும் நீலம் பளிச்சிட்டது. அலகில் இருந்த சிறு நண்டைப் பாறையில் இரண்டு முறை அடித்து விழுங்கிவிட்டு, அதே இடத்தில் நின்று அதே சீழ்க்கையைத் தொடர்ந்தது.

வேறு பறவையாக இருக்கலாமே என்று வாசகர்கள் கேட்கலாம். ஆறுமணிக்குருவியும் காலை மாலையில் சீழ்க்கையடிப்பதுதான். ஆனால் அதன் குரல் இரண்டே சுரம், அதுவும் குளிர்காலத்தில் மட்டும் நம் பக்கம் வந்து தங்குவது. கட்டுரையாளர் போனதோ ஆடி மாதத்தில். குண்டுக்கரிச்சான் விடியலில் இனிமையாகப் பாடும் என்றாலும், சிறு சிறு துணுக்குகளாகப் பாடி நிறுத்தும். மனிதக் குரலோ என்று மயங்கவைக்கும் நீண்ட, குறிக்கோளற்ற சீழ்க்கை பூங்குருவியுடையது.

ஒரு வேண்டுகோளும் உண்டு. மெர்லின் போன்ற செயலிகளில் குரலைக் கொடுத்துப் பெயர் கேட்பதில் தவறில்லை. ஆனால் பதிவான பாட்டை ஒலிபெருக்கியில் போட்டுப் பறவையை வரவழைக்கும் பழக்கம் நடைப்பயணக் குழுக்களில் பரவியிருக்கிறது. எங்கள் குழுவிலும் ஒருவர் அன்று அதைச் செய்தார். இனப்பெருக்கம் செய்யும் மழைக்காலத்தில், எல்லைக்குள் போட்டிக்கு இன்னொரு பறவை நுழைந்துவிட்டது என நம்பி, அது கூட்டை விட்டு விரட்ட வந்துவிடும். அருவியோரப் பாறை இடுக்கில் முட்டையோ குஞ்சோ அத்தனை நேரமும் காவலின்றிக் கிடக்கும்.

கட்டுரையாளர் உறுதிசெய்துகொள்ள விரும்பினால், மழைக்காலத்திலேயே மறுபடி போய், கைப்பேசியில் ஒலிப்பதிவைத் தொடங்கிப் பாறைமேல் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் பேசாமல் உட்காரட்டும். பிந்திப் போனால் பெரும்பாலும் பாட்டுக் கிடைக்காது. கூர்மையான ஒற்றைச் சீழ்க்கையோடு ஓடையைக் கடந்து பறந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.