2028 வேட்பாளர் யார்? சதவீதத்தை வைத்துச் சொல்ல முடியாது

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் 2028 அதிபர் வேட்பாளராக வரக்கூடியவர்கள் என்று கமலா ஹாரிஸ், கவின் நியூசம், பீட் புட்டிஜெஜ், ஜோஷ் ஷபிரோ ஆகியோரை உங்கள் கட்டுரையில் பட்டியலிட்டிருந்தீர்கள். பெயர்களில் தவறில்லை. ஆனால் கருத்துக்கணிப்புச் சதவீதத்தை வைத்து அவர்களை முதலிடம், இரண்டாமிடம் என்று அடுக்கியதை ஏற்க முடியவில்லை.

நாடு முழுக்க 1,000 பேரிடம் கேட்டால், அதில் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் சுமார் 400 பேர் தேறுவார்கள். 400 பேரை வைத்துச் சொல்லும் கணக்கில் 5 புள்ளி வரை கூடக் குறைய இருக்கலாம். ஒருவருக்கு 22, இன்னொருவருக்கு 19 என்று வந்தால் யார் முந்துகிறார் என்று சொல்லவே முடியாது. போதாததற்கு, தேர்தலுக்கு இரண்டு வருடம் முன்பு கேட்டால் மக்கள் காதில் விழுந்த பெயரைத்தான் சொல்வார்கள். 2000-இல் துணை அதிபர் பதவிக்கு நின்ற ஜோ லீபர்மன், அந்த அறிமுகத்தாலேயே 2003 தொடக்கக் கணிப்புகளில் முன்னணியில் இருந்தார்; 2004 பிப்ரவரியில் ஒரு மாநிலம்கூட வெல்லாமல் விலகினார். குடியரசுக் கட்சியில் ரூடி ஜூலியானி 2007-இன் பெரும்பகுதி முன்னணியில் நின்றார். அவருக்கும் ஒரு மாநிலம் கிடைக்கவில்லை.

"போட்டியிடுவது பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை" என்று தலைவர்கள் சொல்வதை நழுவல் என்று கட்டுரை எழுதியிருந்தது. அதில் சட்டக் காரணமும் இருக்கிறது. 5,000 டாலருக்கு மேல் திரட்டினாலோ செலவழித்தாலோ ஒருவர் சட்டப்படி வேட்பாளர். 15 நாளுக்குள் ஃபெடரல் தேர்தல் ஆணையத்தில், தான் வேட்பாளர் என்று அறிவிக்கும் இரண்டாம் எண் படிவம் தர வேண்டும். "ஆழம் பார்க்கிறேன்" என்ற நிலையில் இருக்கும்வரை பதிவு செய்யாமலே பயணம் போகலாம், சொந்தமாகக் கணிப்பு எடுக்கலாம். ஆனால் நன்கொடை உச்சவரம்பு அப்போதும் உண்டு. "நான் வேட்பாளர்" என்று வாய்விட்டுச் சொன்ன கணமே அந்தச் சலுகை போய்விடும். இன்னொன்று: அந்தப் படிவத்தை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஒவ்வொரு தேர்தலிலும் நூற்றுக்கணக்கானோர் கொடுக்கிறார்கள். "பதிவு செய்துவிட்டார்" என்ற செய்தியை மட்டும் வைத்து எதையும் எழுதிவிட வேண்டாம்.

கட்டுரை தொடவே தொடாத விஷயம், பிரைமரி எனப்படும் உட்கட்சித் தேர்தலின் கணக்கு. ஜனநாயகக் கட்சி விதிப்படி, மாநில அளவிலோ தொகுதி அளவிலோ 15 சதவீதம் தொடாதவருக்கு அங்கே பிரதிநிதிகள் (கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வாக்களிப்பவர்கள்) கிடையாது. ஒரு மாநிலத்தில் ஆறு பேர் 30, 20, 14, 13, 12, 11 என்று வாங்குகிறார்கள் என்று வையுங்கள். மாநில அளவில் பங்கிடும் இடங்கள் முழுவதும் முதல் இருவருக்கே, 60க்கு 40 என்ற விகிதத்தில் போகும். மற்ற நால்வர் சேர்ந்து பாதி வாக்கு வாங்கியும் வெறுங்கை. குடியரசுக் கட்சியில் கதையே வேறு. 2016-இல் தென் கரோலினாவில் டிரம்ப் பெற்றது 32.5 சதவீதம், 50 பிரதிநிதிகளும் அவருக்கே போனார்கள். ஆகவே "20 சதவீத ஆதரவு" என்ற ஒரே எண்ணுக்கு இரண்டு கட்சிகளிலும் ஒரே மதிப்பு கிடையாது. எத்தனை பேர் களத்தில் நிற்கிறார்கள், யார் எப்போது விலகுகிறார்கள் என்பதும் அந்த மதிப்பை மாற்றிவிடும்.

அடுத்து, எந்த மாநிலம் முதலில் என்பது. 2020-இல் ஜோ பைடன், முதலில் வாக்களித்த அயோவாவில் நான்காவது, அடுத்து வந்த நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது. ஜனநாயகக் கட்சி பிரைமரியில் வாக்களிப்பவர்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவராக இருக்கும் தென் கரோலினா பிப்ரவரி 29 அன்று அவரைத் தூக்கி நிறுத்தியது. மூன்று நாள் கழித்து ஒரே நாளில் வாக்களித்த 14 மாநிலங்களில் 10 அவர் பக்கம் வந்தன. அயோவாவில் அதிகப் பிரதிநிதிகளைப் பெற்ற புட்டிஜெஜ், தென் கரோலினா முடிந்த மறுநாளே விலகினார். அவர் மறுபடியும் இறங்கினால் இந்த வரிசைதான் அவருக்கு முதல் சோதனை. 2024-இல் கட்சி தென் கரோலினாவை முதலில் வைத்தது. முதல் பிரைமரி தங்களுடையதே என்று மாநிலச் சட்டம் வைத்திருக்கும் நியூ ஹாம்ப்ஷயர் அதை மதிக்காமல் ஜனவரி 23 அன்றே வாக்கெடுப்பை நடத்தியது.

வாக்குச்சீட்டில் பெயர் ஏறுவதும் தானாக நடப்பதில்லை. 2012 குடியரசுக் கட்சி பிரைமரியில் நிற்க வர்ஜீனியா மாநிலம் 10,000 வாக்காளர் கையெழுத்து கேட்டது, அதிலும் 11 தொகுதிகளில் ஒவ்வொன்றிலும் 400 இருக்க வேண்டும். நியூட் கிங்ரிச் அந்த மாநிலத்திலேயே குடியிருந்தவர், 2011 டிசம்பரில் பல தேசியக் கணிப்புகளில் முன்னணியில் இருந்தவர். செல்லுபடியாகும் கையெழுத்துகள் போதாமல் அவர் பெயர் சீட்டில் வரவில்லை. மிட் ரோம்னி, ரான் பால் இருவர் பெயர்தான் வந்தது. மாவட்டம் மாவட்டமாக ஆள் வைத்துக் கையெழுத்து வாங்கும் அமைப்பு யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து எழுதினால் வாசகர்களுக்கு உண்மையிலேயே பயன்படும்.

கமலா ஹாரிஸ் பற்றியும் சொல்ல வேண்டும். திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரம் அவருடைய தாய்வழித் தாத்தாவின் ஊர் என்பதால் நம் பத்திரிகைகள் அவரை எப்போதும் முதல் வரியில் வைக்கின்றன. அந்தப் பிரியம் எனக்கும் உண்டு. ஆனால் 2019 ஜூன் விவாதத்துக்குப் பின் சில கணிப்புகளில் இரண்டாமிடம் வரை ஏறியவர், பணம் போதாமல் டிசம்பர் 3 அன்று, ஒரு வாக்குகூடப் பதிவாகும் முன்பே விலகினார். 2024-இல் பைடன் ஜூலை 21 அன்று ஒதுங்கியதால் பிரைமரியைச் சந்திக்காமலே வேட்பாளரானார். அதாவது, பிரைமரி வாக்காளர்கள் முன் அதிபர் வேட்பாளராக அவர் இன்னும் ஒருமுறைகூட நின்றதில்லை. அவர் பெற்றிருக்கும் சதவீதத்தைப் போடும்போது இதையும் பக்கத்திலேயே போடுங்கள். கணிப்பில் எத்தனை பேரிடம் கேட்டார்கள், எந்தத் தேதியில், எத்தனை பெயர்களைக் கொடுத்துக் கேட்டார்கள் என்ற மூன்றையும் சேர்த்தே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தஞ்சாவூர்.