வெள்ளிக் கோளமும் ஏரிக்கரை நாடுகளும்

அன்புள்ள சண்முகத்துக்கு,

கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது என்று நீ எழுதியதைப் படித்த பிறகுதான் எங்களுக்கு நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போட்டுக்கொள். குனிந்து எதையும் தூக்காதே. மாடித் தோட்டத்துக்குத் தண்ணீர் விடப் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுக்கொள். தங்கச்சி உன்னை விடமாட்டாள் என்று தெரியும், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

அமெரிக்காவில், ஃப்ளோரிடா மாநிலத்து டாம்பாவில் மகள் வீட்டில் நாங்கள் சௌக்கியம். வெயில் நம் ஊர் வெயில்தான். மத்தியானம் ஆனால் இடி இடித்து ஒரு மழை. பேரனுக்குப் பள்ளி திறக்கும் முன் ஒரு நாள் எங்காவது போகவேண்டும் என்று எல்லோருமாக ஆர்லாண்டோ பக்கத்தில் உள்ள எப்காட்டுக்குப் போய்வந்தோம். டிஸ்னி நிறுவனத்தின் பூங்கா அது. ஒரு பாதி அறிவியலும் தொழில்நுட்பமும், மறுபாதி உலக நாடுகள். 1982 அக்டோபர் 1-ஆம் தேதி திறந்தார்கள். அங்கே நிற்கும்போதே உன் நினைப்புதான், ஏனென்றால் உள்ளே நுழைந்ததும் எதிரே நிற்கும் பெரிய கட்டடம் முழுக்க நம் தொழிலான தொலைத்தொடர்பைப் பற்றியது.

அதன் பெயர் ஸ்பேஸ்ஷிப் எர்த். வெள்ளி நிறத்தில் ஒரு முழுக் கோளம், ஆறு கால்களின் மேல் நிற்கிறது. குறுக்களவு 165 அடி. மேல்தோலில் 11,324 முக்கோணங்கள். மழை பெய்தால் இவ்வளவு பெரிய உருண்டையின் தண்ணீர் கீழே போகிறவர்கள் தலையில் கொட்ட வேண்டும், இல்லையா? ஒரு சொட்டு விழுவதில்லை. வெளியே தெரியும் தோலுக்குள் தண்ணீர் புகாத இன்னொரு கோளம் இருக்கிறது. தகடுகளுக்கு நடுவே விட்டிருக்கும் இடுக்குகள் வழியாக மழைநீர் உள்ளே இறங்கி, ஓடையில் சேர்ந்து, பூங்காவின் ஏரிக்குப் போய்விடுகிறது. அன்றைக்கும் மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் அடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

கோளத்துக்குள் சின்னச் சின்ன வண்டிகள் நிற்காமல் ஒரு சங்கிலியாக ஊர்ந்து மேலே ஏறுகின்றன. மனிதன் செய்தி சொல்லக் கற்ற கதை, குகை ஓவியத்தில் தொடங்குகிறது. எகிப்தியர்களின் பப்பைரஸ் தாள், பினீஷியர்களின் எழுத்து, ரோமானியர்களின் சாலை, அலெக்சாந்திரியா நூலகம் எரிவது. அங்கே நிஜமாகவே புகை வாசனை அடிக்கிறது. எரிந்துபோன அறிவின் பிரதிகளை இஸ்லாமிய, யூத அறிஞர்கள் காப்பாற்றி வைத்திருந்தார்கள் என்று அடுத்த காட்சியில் சொல்கிறார்கள், அதைச் சொல்லியது எனக்குப் பிடித்தது. பிறகு ஒரு மடத்தில் இரண்டு துறவிகள் புத்தகத்தைக் கையால் படியெடுக்கிறார்கள். அதில் ஒருவர் எழுதிக்கொண்டே மேசையில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். மார்பு மெல்ல ஏறி இறங்குகிறது. அடுத்த திருப்பத்தில் குட்டன்பர்க் தன் அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் நின்று அப்போதுதான் அச்சான தாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எத்தனை நூற்றாண்டு உழைப்பு, எவ்வளவு தூக்கம் கெட்ட கண்கள்! அதை ஒரு வார்த்தையும் பேசாமல் அந்த இரண்டு காட்சிகளை அடுத்தடுத்து வைத்தே காட்டிவிட்டார்கள்.

அப்புறம் வந்தது நம் காலம். தந்திக் கருவி. அதை அடுத்து டெலிபோன் ஆபரேட்டர்கள், பழைய சுவிட்ச்போர்டு முன்னால் உட்கார்ந்து கம்பியைச் செருகி இணைப்புக் கொடுக்கிறார்கள். காதில் ஹெட்செட், எதிரே துளைத் துளையாகப் பலகை. என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் வெளியூர் அழைப்புகளை இணைக்கும் டிரங்க் போர்டில் எத்தனை இரவு ஷிப்டு பார்த்திருக்கிறாள் என்பது உனக்குத் தெரியாததா? பேரன் "பாட்டி, இதுவா உங்க வேலை?" என்று கேட்டான். அவனுக்கு இத்தனை நாள் சொல்லிப் புரியவைக்க முடியாதது அந்த ஒரு காட்சியில் புரிந்துவிட்டது. 2013 ஜூலையில் நம் தந்திச் சேவையை மூடிய அன்று நீ பேசவே இல்லை, நினைவிருக்கிறதா? அதே தந்திக் கருவியை இங்கே உலகத்தின் பெரிய சாதனைகளில் ஒன்றாக வரிசையில் வைத்திருக்கிறார்கள். உன் வீட்டு அலமாரியில் இருக்கும், தந்தி அடிக்கும் மோர்ஸ் கீயைப் பத்திரமாக வை. பேரன் கற்றுக்கொள்ள வேண்டுமாம், உன்னிடம்தான் அனுப்பப்போகிறேன்.

இந்தக் கோளத்துக்கு ஆரம்பத்தில் பணம் கொடுத்தது அமெரிக்காவின் பெரிய டெலிபோன் அமைப்பான பெல் சிஸ்டம். 1984-இல் பெல் தனித்தனிக் கம்பெனிகளாக உடைந்த பிறகும் அதன் தாய்க் கம்பெனி ஏடி அண்ட் டி 2003 வரை ஆதரவைத் தொடர்ந்தது. டெலிபோன் கம்பெனி தன் கதையை மனிதகுலத்தின் கதையாகவே சொல்லிக்கொண்டது என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆனால் அதில் பொய் இல்லையே. நாமும் அப்படி நினைத்துத்தானே வேலை பார்த்தோம்? எனக்கு இருக்கும் ஒரே குறை, கதை மேற்கத்தியப் பாதையிலேயே போகிறது என்பது. காகிதம் கண்ட சீனருக்கு ஒரு காட்சி இல்லை. பூஜ்யத்தோடு சேர்த்து எண்களை எழுதும் முறையை உலகத்துக்குக் கொடுத்த நம் நாட்டுக்கும் இல்லை. கம்ப்யூட்டர் வரைக்கும் வரும் கதையில் பூஜ்யம் இல்லாமல் போனது பெரிய ஓட்டை.

இந்த இடத்தை வால்ட் டிஸ்னி முதலில் பூங்காவாக யோசிக்கவே இல்லை. அவர் கட்ட நினைத்தது ஒரு நிஜ ஊர். 1966-இல் அவர் வெளியிட இருந்த திட்டத்தில் 20,000 பேர் குடியிருக்கும் நகரம் இருந்தது. நடுவில் கூரை போட்டுக் குளிரூட்டிய கடைத்தெரு, வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள் மாதிரி வெளியே விரியும் குடியிருப்புகள், கார்கள் தரைக்கு அடியில், மக்கள் போக மோனோரயில். புதுப்புது கண்டுபிடிப்புகளை நிறுவனங்கள் அங்கேயே பரிசோதிக்கும். படிக்கும்போது ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் யாருக்கும் அங்கே சொந்த வீடு கிடையாது, வாடகை மட்டும்தான். ஓய்வுபெற்றவர்களுக்கும் இடமில்லை, எல்லோரும் வேலையில் இருக்க வேண்டும். நீயும் நானும் உள்ளே வந்திருக்கவே முடியாது. தாத்தா பாட்டி இல்லாத ஊர் எத்தனை நவீனமாக இருந்து என்ன? அந்த வருஷம் டிசம்பர் 15-ஆம் தேதி வால்ட் இறந்துவிட்டார். அவர் இல்லாமல் அவ்வளவு பெரிய சோதனையில் இறங்க நிறுவனத்துக்குத் துணிச்சல் வரவில்லை. பதினாறு வருஷம் கழித்து அந்தப் பெயரில் வந்தது நிரந்தரமான ஓர் உலகக் கண்காட்சி.

மாப்பிள்ளை இந்த ஊரிலேயே வளர்ந்தவர், சின்ன வயதில் அடிக்கடி வந்திருக்கிறார். அவர் எங்களைக் கூட்டிக்கொண்டு நடந்ததே ஒரு தனி அனுபவம். இது இங்கே இருந்தது, அது அங்கே இருந்தது என்று இல்லாத கட்டடங்களையே காட்டிக்கொண்டு வந்தார். ஹொரைசன்ஸ் என்று ஒரு காட்சியாம். 1983-இல் தொடங்கியது. எதிர்காலத்தில் பாலைவனத்திலும் கடலுக்கடியிலும் விண்வெளியிலும் குடும்பங்கள் எப்படி வாழும் என்று காட்டினார்களாம். ஆரஞ்சுத் தோட்டத்தைக் கடக்கும்போது ஆரஞ்சு வாசனை வருமாம். கடைசியில் எந்த வழியாகத் திரும்ப வேண்டும் என்று வண்டியில் இருக்கிறவர்களே பொத்தானை அழுத்தி முடிவு செய்யலாமாம். 1999-இல் மூடிவிட்டு, இடித்துவிட்டு, விண்கலத்தில் பறக்கிற மாதிரி ஒரு சவாரி வைத்துவிட்டார்கள். எரிசக்தியின் கதையைச் சொன்ன கட்டடத்தின் கூரையில் 1982-லேயே சூரிய மின்தகடுகளைப் பதித்திருந்தார்கள். உள்ளே ஓடிய வண்டிகளுக்கு அதிலிருந்தும் கொஞ்சம் மின்சாரம் கிடைத்தது. இப்போது அங்கே சினிமாக் கதாபாத்திரங்களோடு ஒரு ரோலர் கோஸ்டர். பேரனும் மாப்பிள்ளையும் ஏறிவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார்கள், நன்றாக இருந்திருக்கும். ஆனாலும் எனக்கு வருத்தம்தான்.

இதைக் கேள். திறந்த புதிதில் இங்கே வேர்ல்ட்கீ என்று ஒரு தகவல் சேவை இருந்திருக்கிறது. பெல் ஆய்வுக்கூடத்தின் வேலை. திரையை விரலால் தொட்டால் விவரம் வரும். ஆள் வேண்டும் என்று தொட்டால் நிஜமான ஒரு பணியாளர் திரையில் தோன்றி உன்னைப் பார்த்துப் பேசி, சாப்பாட்டுக் கடையில் இடம் பதிவு செய்து கொடுப்பார். 1982-இல்! அப்போது நாம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் என்ன செய்துகொண்டிருந்தோம்? மெட்ராசுக்கு டிரங்க் கால் போட வந்தவர்களை வரிசையில் உட்காரவைத்துச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தோம். இன்று பேரனிடம் சொன்னால் "அதுல என்ன இருக்கு?" என்கிறான். அவன் கேட்பது நியாயம்தான். எதிர்காலத்தைக் கட்டடமாகக் கட்டினால் அது பத்து, இருபது வருஷத்தில் பழசாகிவிடும். ஆனால் பழசானதும் இடித்துவிட்டு, கேளிக்கையால் நிரப்புவது சரியான வழி என்று என்னால் ஏற்க முடியவில்லை. அடுத்த இருபது வருஷத்தைப் பற்றி யோசிக்கவும் அங்கே ஆட்கள் இருக்கவேண்டும் அல்லவா?

அந்த வேலையை இன்னமும் விடாமல் செய்கிற ஓர் இடம் இருக்கிறது, தி லேண்ட் என்ற கட்டடம். நீ வந்திருந்தால் அங்கிருந்து உன்னைக் கிளப்பியிருக்க முடியாது. படகில் உட்காரவைத்து நிஜமான கண்ணாடிக் கூடங்களுக்குள் கூட்டிப்போகிறார்கள். பொம்மை இல்லை, விளைகிற பயிர். முதல் கூடத்திலேயே வாழை, பப்பாளி, பலா! பலாக்காயைப் பார்த்ததும் என் மனைவி எழுந்தே நின்றுவிட்டாள், படகில் உட்காரச் சொல்லி அறிவிப்பு வந்தது. அடுத்து மண்ணே இல்லாமல் வளரும் செடிகள். ஒரு கம்பியில் வரிசையாகத் தொங்கிக்கொண்டு மெதுவாக நகர்கின்றன. வேர்கள் காற்றில் அப்படியே தெரிகின்றன, வெள்ளை வெளேரென்று. ஓரிடத்தில் சத்து கலந்த தண்ணீர் புகையாக வேரில் தெளிக்கப்படுகிறது, அவ்வளவுதான் அதற்குச் சாப்பாடு. தக்காளியைக் கொடியாக மேலே ஏற்றிப் பந்தலில் படரவிட்டிருக்கிறார்கள், தலைக்கு மேல் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. இப்படி வளர்த்த ஒரே செடியில் 32,000-க்கும் மேல் தக்காளி பறித்துக் கின்னஸில் இடம் பிடித்திருக்கிறார்கள். பூச்சிக்கு மருந்தை அள்ளித் தெளிக்காமல், பூச்சியைத் தின்னும் பூச்சிகளை விடுகிறார்கள். விளைவது பூங்காவின் சாப்பாட்டுக் கடைகளுக்கே போகிறது. உன் மாடியில் புடலைப் பந்தல் போட இடமில்லை என்று புலம்புகிறாயே, அந்தத் தக்காளிப் பந்தலைப் படம் எடுத்திருக்கிறேன், அனுப்புகிறேன்.

மத்தியானத்துக்குப் பிறகு நாடுகளின் பக்கம் போனோம். ஏரியைச் சுற்றி ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நடை, பதினோரு நாடுகளின் அரங்கங்கள். மெக்சிகோவில் பிரமிடுக்குள்ளே எப்போதும் அந்தி நேரம். சீனாவில் பெய்ஜிங்கின் சொர்க்கக் கோயிலைச் சின்ன அளவில் கட்டி, உள்ளே நம்மைச் சுற்றி எல்லாப் பக்கமும் திரை வைத்துப் படம் காட்டுகிறார்கள், நின்றுகொண்டுதான் பார்க்க வேண்டும். ஜெர்மனி, இத்தாலி, பிரிட்டன், கனடா எல்லாம் அழகான முகப்பும் கடையும் சாப்பாடும், அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

மொராக்கோ வேறு. அதைக் கட்டும்போது அந்நாட்டு மன்னர் இரண்டாம் ஹசன் தன் கைவினைஞர்களையே அனுப்பிவைத்திருக்கிறார். சுவர், தூண், நீரூற்று எங்கும் சிறுசிறு ஓடுகளால் கோலம். நட்சத்திரமும் கோணமும்தான், ஓர் உயிரின் உருவம்கூட இல்லை, அது அவர்கள் சமய வழக்கம். அங்கே கடையில் நின்ற இளைஞர், சட்டையில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையில் மொராக்கோ என்று இருந்தது, நான் சுவரைத் தடவிப் பார்ப்பதைக் கண்டு தானாக வந்து பேசினார். நிறம் பூசிச் சுட்ட ஓட்டை உளி மாதிரியான சுத்தியலால் துண்டு துண்டாகச் செதுக்குவார்களாம். அந்தத் துண்டுகளை முகம் கீழே இருக்கும்படி அடுக்கி, முதுகில் காரையை ஊற்றுவார்களாம். அடுக்கும்போது நிறமே தெரியாது, திருப்பிய பிறகுதான் கோலம் தெரியும். உங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கும் ஆத்தங்குடித் தரைக்கல்லையும் கண்ணாடி மேல் முகம் கீழாகத்தானே செய்கிறார்கள் என்று நான் சொல்ல, அவர் கைப்பேசியில் தேடிப் படங்களைப் பார்த்து, தன் பாட்டி வீட்டுத் தரை ஞாபகம் வருகிறது என்றார். பத்து நிமிஷம் பேசியிருப்போம். அந்த நாடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு வருஷம் வேலை செய்துவிட்டுப் போகத் தனி விசா இருக்கிறது. அன்றைக்கு நான் பார்த்த அத்தனை இயந்திரங்களையும் விட அந்தப் பையனோடு பேசியதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. நாடுகள் இருக்கும் பாதி பழசாகாமல் இருப்பதற்குக் காரணம் இந்தப் பிள்ளைகள்தான்.

இந்தியா அங்கே இல்லை. மொராக்கோவை விட்டால் ஆப்பிரிக்காவும் இல்லை. ஆப்பிரிக்காவுக்கு ஓர் அரங்கம் வரும் என்று ஆரம்பத்தில் அறிவித்தார்கள், கட்டவே இல்லை. சீனாவுக்கும் ஜெர்மனிக்கும் நடுவே ஒரு சின்னக் கடையோடு அந்த இடம் நிற்கிறது. நாட்டு அரசோ பெரிய நிறுவனமோ பணம் போட்டால்தான் அரங்கம் என்ற ஏற்பாட்டில் உலகத்தின் பாதி விட்டுப்போகத்தான் செய்யும். 1988-இல் நார்வேக்குப் பிறகு புது நாடு எதுவும் சேரவில்லை. பேரன் ஒவ்வொரு வாசலிலும் இந்தியா அடுத்ததா என்று கேட்டுக்கொண்டே வந்தான். கனடாவோடு சுற்று முடிந்ததும் முகம் வாடிவிட்டது. உலகத்தைக் காட்டுகிறேன் என்று சொல்கிற இடம் இதைச் சரிசெய்ய வேண்டும். ஒரு சோழர் கால மண்டபம், பக்கத்தில் தறி, ஓர் ஓரத்தில் பித்தளை டபராவில் காபி, நம் பிள்ளைகள் ஒரு வருஷம் வந்து நின்று பேசட்டும். எவ்வளவு நன்றாக இருக்கும்!

சரி, நீளமாகப் போய்விட்டது. எக்ஸ்சேஞ்ச் பழைய ஆட்களின் கூட்டம் இந்த வருஷம் எப்போது என்று எழுது. நாங்கள் அக்டோபர் கடைசியில் கிளம்புகிறோம். நவம்பரில் பென்ஷனுக்கு வாழ்நாள் சான்றிதழ் கொடுக்க நாம் இரண்டு பேரும் சேர்ந்தே போகலாம், எனக்காகக் காத்திரு. கண் டாக்டர் அடுத்து எந்தத் தேதி வரச் சொன்னார்? கண்ணாடி மாற்றச் சொன்னாரா? மறக்காமல் எழுது. தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

அன்புடன்,
ராஜாராமன்