மலைப்பாட்டு ஏன் சலிப்பதில்லை: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

அமெரிக்காவில் வர்ஜீனியா எல்லையில் இருக்கும் பிரிஸ்டலுக்குக் குடிபோன பிறகு வாரக் கடைசிகளில் கேட்க நேர்கிற, புளூகிராஸ் என்னும் அந்த மலைநாட்டுப் பாட்டெல்லாம் ஒன்றுபோலவே இருக்கிறது என்றும், ஒவ்வொன்றிலும் யாரோ இறந்துபோகிறார்கள், இதை எப்படி அந்த ஊர்க்காரர்கள் சலிக்காமல் கேட்கிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். வெகுகாலமாக அந்த இசையைக் கேட்டு வருபவன் என்பதால் என் பதில் சற்று நீளும்; பொறுத்துக்கொள்.

மரபிசை என்று சொல்லப்பட்டாலும் புளூகிராஸ் என்னைவிடப் பெரிதும் மூத்ததன்று. கென்டக்கியில் ரோசின் என்ற சிற்றூரில் 1911இல் பிறந்த பில் மன்றோ, சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து, பிழைப்புக்காக இண்டியானாவுக்குச் சென்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்தவர். அவருடைய குழு 1939இல் நாஷ்வில் வானொலியின் கிராண்ட் ஓல் ஓப்ரி நிகழ்ச்சிக்கு வந்தது. 1945இன் இறுதியில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ், மூன்று விரல்களால் மீட்டும் பான்ஜோ என்ற தந்தி வாத்தியத்துடன் அந்தக் குழுவில் சேர்ந்த பிறகே இன்று நீ கேட்கும் வடிவம் உருவாயிற்று. அதற்குள் போன சரக்குத்தான் பழையது: ஸ்காட்லாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் வந்தவர்களின் பிடில் மெட்டுகள், ஆப்பிரிக்க அடிமைகளோடு வந்த பான்ஜோ, ஆர்னால்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரிடமிருந்து மன்றோ கேட்டுப் பழகிய, கறுப்பின மக்களின் புளூஸ் இசை, தேவாலயப் பாடல்கள்.

இதைக் கொண்டாடியவர்களில் பெரும்பகுதியினர் அப்பலாச்சிய மலையை விட்டு இறங்கியவர்கள் என்பதை நீ மனத்தில் கொள்ள வேண்டும். நிலக்கரிச் சுரங்கமும் சிறு நிலமும் சோறு போடாதபோது டெட்ராய்ட், சின்சினாட்டி, பால்டிமோர் ஆலைகளுக்குப் போன குடும்பங்கள் அவர்கள். பாட்டில் வரும் வெறிச்சோடிய வீடும், மகன் திரும்புவதற்குள் கண்மூடிய தாயும் அவர்களுக்குக் கற்பனையல்ல. மேற்கு வர்ஜீனியாவின் சுரங்கக் குடும்பத்தில் பிறந்து பால்டிமோரில் ஆலைத் தொழிலாளியான ஹேசல் டிக்கன்ஸ், சுரங்கத் தூசியால் நுரையீரல் கெட்டுச் செத்தவர்களைப் பற்றிப் பாடியபோது தம் உறவினர்களைப் பற்றியே பாடினார்.

ஆனால் துயரம் மட்டும் இருந்திருந்தால் நீ சொல்வதுபோல் சலித்திருக்கும். சாவைச் சொல்லும் வரிகளின் அடியில் பான்ஜோ நிற்காமல் ஓடுகிறது. மத்தளம் இல்லாத குறையை மாண்டலின் தந்திகளை வெட்டினாற்போல் சுருக்கமாகத் தட்டும் ஒலி அடைக்கிறது. அழுவதற்கென்று தாளம் தயங்குவதில்லை. இந்த இரக்கமற்ற வேகத்துக்கும் அந்தச் சொற்களுக்கும் உள்ள முரண்தான், என் கணிப்பில், இந்த இசையைக் கெட்டுப்போகாமல் காத்து வருகிறது. பான்ஜோவின் குட்டையான ஐந்தாவது தந்தியைக் கட்டைவிரல் திரும்பத் திரும்பத் தொடுவதையும் கேள்; மெட்டு எங்கே போனாலும் அது தம்பூராவைப் போலத் தன் சுருதியிலேயே நிற்கும்.

குரலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வர்ஜீனியாவின் டிக்கன்சன் மாவட்டத்தில் 1927இல் பிறந்த ரால்ஃப் ஸ்டான்லி, வாத்தியம் அனுமதிக்காத பாப்டிஸ்ட் சபையில் வளர்ந்தவர். அங்கே ஒருவர் ஓர் அடியைப் பாட, சபையார் அதையே இழைத்து இழுத்துத் திருப்பிப் பாடுவார்கள். அந்த இழைப்பை அவர் கடைசிவரை விடவில்லை. தாம் பாடுவதைப் பழைய மலைப்பாட்டு என்றே சொல்ல விரும்பினார். எழுபது வயதைக் கடந்த பின், 2000ஆம் ஆண்டில் வெளியான ஒரு திரைப்படத்துக்காக, பக்கவாத்தியம் ஏதுமின்றிச் சாவோடு மன்றாடும் பாட்டு ஒன்றைப் பாடி 2002இல் கிராமி விருது பெற்றார். இனிமையான குரல் என்று அதை நான் சொல்லமாட்டேன். இனிமை அதற்குத் தேவைப்படவும் இல்லை.

நீ இருக்கும் ஊரில்தான் 1927இல், மலைப்பாட்டின் முன்னோடிகளான கார்ட்டர் குடும்பத்தின் முதல் இசைத்தட்டுகள் பதிவாயின. அவர்கள் ஊரான ஹில்டன்ஸ் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே கார்ட்டர் ஃபோல்டு அரங்கில் சனிக்கிழமை மாலைகளில் கச்சேரி நடக்கும். மதுவுக்கு இடமில்லை, மின்சார இசைக்கருவிகளையும் சேர்ப்பதில்லை. ஒலிநாடாவில் கேட்டு முடிவு கட்டாமல் ஒருமுறை போய் முன்வரிசையில் உட்கார். முதல் பாட்டில் சொற்களைக் கவனிக்காதே, பான்ஜோக்காரரின் வலக்கையை மட்டும் பார். மேடைக்கு முன்னால் வயதானவர்கள் குதிகால் தட்டி ஆடுவார்கள். கூப்பிட்டால் மறுக்காமல் போ. மலைப்பாதையில் இரவில் காரைப் பார்த்து ஓட்டு என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா