புயல் அளவுகளை ஒப்பிடும் பலகையும், நடுக்கடலுக்குப் பயன்படும் எச்சரிக்கையும் கேட்டு மனு

அனுப்புநர்:
தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பகுதி ஆழ்கடல் விசைப்படகு உரிமையாளர்கள், ஓட்டுநர்கள், தொழிலாளர்கள்,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
நாகர்கோவில்.

பொருள்: மீன்பிடித் துறைமுகங்களில் புயல் அளவு ஒப்பீட்டுப் பலகை வைக்கவும், தமிழ் எச்சரிக்கைகளில் புயல் மையத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைச் சேர்க்கவும் வேண்டுதல் - தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் படகுகள் சுறாவும் சூரையும் தேடி லட்சத்தீவைத் தாண்டிப் போகின்றன. ஒரு தங்கலுக்குப் போனால் கரை திரும்பப் பல வாரம் ஆகும். எனவே "கடலுக்குப் போக வேண்டாம்" என்று கரையில் சொல்லும் எச்சரிக்கை எங்களில் பாதிப் பேருக்குப் பொருந்தாது. அவர்கள் ஏற்கெனவே கடலில்தான் இருப்பார்கள். அவர்களுக்குத் தேவை, புயல் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது, எவ்வளவு காற்று என்ற மூன்று விவரம்.

2017 ஒக்கிப் புயலை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. நவம்பர் 29 அன்று இலங்கைக்குத் தென்கிழக்கே தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலை 8.30 மணிக்கெல்லாம் குமரிக் கடலில் புயலாகிவிட்டது. அடுத்த நாளே லட்சத்தீவுப் பக்கம் மிகத் தீவிரப் புயல். இம்மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட மீனவர்களை இழந்தோம். பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. ஒரே நாளில் இப்படி வலுக்கும் புயலுக்கு, பெயர் வைக்கும் வரை காத்திருந்தால் ஓடித் தப்ப நேரம் இருக்காது.

இப்போது எங்கள் பிள்ளைகள் கைப்பேசியில் புயலின் பாதையைப் பார்த்து, சாட்டிலைட் போனிலும் வயர்லெஸ்ஸிலும் படகுக்குச் சொல்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் ஒரே புயலுக்கு இரண்டு மூன்று கணக்கு வருகிறது. ஒக்கியின் உச்ச வேகம் இந்திய வானிலைத் துறைக் கணக்கில் மணிக்கு 155 கிலோமீட்டர். ஹவாயில் இருக்கும் அமெரிக்கக் கூட்டுப் புயல் எச்சரிக்கை மையத்தின் கணக்கில் 185. முதலாவது "மிகத் தீவிரப் புயல்", இரண்டாவது, 1 முதல் 5 வரை எண்ணிடும் அமெரிக்க அளவில் "கேட்டகரி 3". நம் நாட்டில் 3 நிமிடக் காற்றின் சராசரியை எடுக்கிறார்கள், அமெரிக்கர்கள் 1 நிமிடச் சராசரியை எடுக்கிறார்கள். சராசரி எடுக்கும் நேரம் குறையக் குறைய எண் கூடும். அதோடு, நடுக்கடலில் காற்றை அளக்கக் கருவி இருப்பது அபூர்வம். செயற்கைக்கோள் படத்தில் மேகம் சுழலும் வடிவத்தை வைத்துத்தான் இரு தரப்பும் மதிப்பிடுகிறார்கள், அதிலும் வித்தியாசம் வரும். இது எதுவும் அலைக்கு நடுவே சுக்கான் பிடிப்பவருக்குத் தெரிய வழியில்லை.

ஆஸ்திரேலியாவிலும் 1 முதல் 5 வரைதான் எண். ஆனால் அங்கே 3 என்பது 118 கிலோமீட்டரில் தொடங்குகிறது, அமெரிக்க அளவில் 178-இல். போதாததற்கு நம் துறைமுகங்களில் ஏற்றும் புயல் கூண்டுக்கும் 1 முதல் 11 வரை எண் உண்டு. மூன்றாம் எண் கூண்டு என்றால் துறைமுகத்தில் திடீர்க் காற்றோடு மழை வரலாம் என்ற முன்னெச்சரிக்கை, அவ்வளவே. ஐந்து, ஆறு, ஏழு ஆகியவை புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்கின்றன. பதினொன்று என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். "மூணாம் நம்பர்" என்று வயர்லெஸ்ஸில் கேட்கிற ஒருவர் அதை எந்த மூன்று என்று எடுத்துக்கொள்வார்? ஒருவர் வலையை இழுத்துக்கொண்டே இருப்பார், இன்னொருவர் எல்லாவற்றையும் அறுத்துவிட்டு ஓடுவார்.

ஆகவே தேங்காய்ப்பட்டணம், குளச்சல், முட்டம், சின்னமுட்டம் துறைமுகங்களில் பெரிய பலகை ஒன்று வைக்க வேண்டும். சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்திடம் சரிபார்த்து, இந்திய அளவை முதலில் எழுதி (மணிக்குக் கிலோமீட்டர் கணக்கில்: தாழ்வு மண்டலம் 31 முதல் 49, ஆழ்ந்த தாழ்வு மண்டலம் 50 முதல் 61, புயல் 62 முதல் 88, தீவிரப் புயல் 89 முதல் 117, மிகத் தீவிரப் புயல் 118 முதல் 166, அதற்கு மேல் இரண்டு படி), பக்கத்தில் அமெரிக்க எண்ணையும் கூண்டு எண்ணையும் தனித்தனி நிறத்தில் காட்டினால் போதும். படகுக் கருவிகள் "நாட்" (மணிக்கு இத்தனை கடல் மைல்) கணக்கில் இருப்பதால் அதையும் சேர்க்க வேண்டும். அதே பலகையைச் சிறிய அட்டையாக அச்சடித்து, பிளாஸ்டிக் உறையிட்டு, டீசல் மானியப் புத்தகம் புதுப்பிக்கும்போதே படகுக்கு ஒன்று கொடுத்துவிடலாம்.

அடுத்தது இதைவிட முக்கியம். தமிழ் அறிவிப்புகளில் "சென்னைக்குத் தென்கிழக்கே இத்தனை கிலோமீட்டர்" என்று வருகிறது. கரையில் இருப்பவருக்கு அது சரி. லட்சத்தீவின் மினிக்காய்க்கு மேற்கே நிற்கும் படகுக்கு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எங்கள் ஜிபிஎஸ்ஸில் இருப்பது பாகையும் கலையும் (டிகிரி, மினிட்) தான். புயல் மையத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, நகரும் திசை, வேகம், அடுத்த 12 மணி, 24 மணி நேரத்தில் எங்கே இருக்கும் என்பதைச் சொன்னால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று ஓட்டுநரே முடிவெடுப்பார். வானிலைத் துறையின் ஆங்கில அறிக்கையில் இவை இருக்கின்றன. மீன்வளத் துறை அவற்றைத் தமிழில், தாழ்வு மண்டல நிலையிலிருந்தே, வயர்லெஸ் வழியாகவும் படகில் இருக்கும் செயற்கைக்கோள் கருவிகள் வழியாகவும் அனுப்ப ஏற்பாடு செய்ய வேண்டும்.

இன்னொன்றும் பலகையில் இருக்க வேண்டும்: இந்தப் படிநிலை காற்றுக்கு மட்டுமே, மழைக்கு அல்ல. 2024-இல் ஃபெஞ்சல் புயல் வெறும் "புயல்" என்ற படியில்தான் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அங்கேயே நகராமல் நின்று மயிலத்தில் 51 சென்டிமீட்டர், புதுச்சேரியில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பெயரில் "தீவிர" இல்லை என்று கரையிலிருக்கும் குடும்பங்கள் அசட்டையாக இருந்துவிடக் கூடாது.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் பலகைகள் நிற்க வேண்டும். வாசகங்களை இறுதி செய்யும் கூட்டத்துக்கு எங்கள் ஓட்டுநர்களையும் அழைத்தால், எது புரியும், எது புரியாது என்று நேரிலேயே சொல்வார்கள். தாங்கள் மீன்வளத் துறைக்கும் பேரிடர் மேலாண்மைப் பிரிவுக்கும் தக்க உத்தரவு பிறப்பித்து, எடுத்த நடவடிக்கையை அடுத்த மீனவர் குறைதீர் கூட்டத்தில் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தூத்தூர் பகுதி ஆழ்கடல் மீனவர்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)

நகல்: மீன்வளத் துறை உதவி இயக்குநர் அவர்கள்